புயற்கூண்டும் ஏரிக்கரையும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்துவதை ஒட்டி வெளியிடும் இம்மலருக்கு உத்திரமேரூர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று நண்பர்கள் பணித்தனர். நம் ஊரின் குடவோலை முறையைப் பற்றி எழுதாதவர் இல்லை. பேசாத மேடையும் இல்லை. ஆகவே, அக்கல்வெட்டில் பலரும் விரைந்து கடந்து செல்லும் 'ஏரி வாரியம்' என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கடல் வானிலை முன்னறிவிப்பின் வரலாற்றோடு அருகருகே வைத்துப் பார்க்க விழைகிறேன்.

ஏரிக்கும் கடலுக்கும் என்ன உறவு என வினவலாம். உத்திரமேரூருக்குக் கடல் இல்லை. சதுரங்கப்பட்டினத்துக் கரை நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வழுத்தங்களே நம் ஏரியை நிரப்புகின்றன. சில ஆண்டுகளில் அவையே கரையையும் உடைக்கின்றன. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு வயலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. கடல் தந்த நீர் நம் வயல்களைத் தொட்டுவிட்டு மீண்டும் கடலுக்கே செல்கிறது.

என் இளமையில் மழைக்கால இரவுகளில் வீட்டு வானொலியைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்திருப்பர். செய்தியின் முடிவில், சென்னைத் துறைமுகத்தில் இன்ன எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு வரும். அதைக் கேட்டு, தோளில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்படும் என் தந்தையார் ஒருமுறை, "அது கப்பல்காரனுக்குச் சொன்ன சேதி. நம்ம ஏரிக்கு என்ன சேதி?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று எவரும் விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் சிறு முயற்சி.

ஊரும் ஏரியும்

உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூரின் பேரேரி, வயிரமேக தடாகம் என்ற பெயரில் பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே பேசப்படுகிறது. முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட தீர்மானங்கள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தெரிவு செய்யப்பட்டோரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது.

அந்த 360 நாள் என்பது நோக்கத்தக்கது. ஏரிப் பொறுப்பு மழைக்கு மட்டும் உரியதன்று. ஓராண்டின் எல்லாப் பருவங்களுக்கும் உரியது. கோடையில் தூர் எடுத்தால்தான் கார்காலத்தில் நீர் கொள்ளும். ஆவணி, புரட்டாசியில் கரையின் எலி வளைகளையும் பிளவுகளையும் அடைத்து, மதகைப் பழுது பார்த்து, கலங்கலை ஒழுங்கு செய்தால்தான் ஐப்பசிப் பெருமழையைக் கரை தாங்கும். தொண்டை மண்டலத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேரியின் கலங்கல் நீர் கீழேரிக்கு வரத்து. மேலேரி ஒன்று உடையுமானால், அதன் வெள்ளம் முழுவதும் கீழேரியின்மேல் விழும். உடைப்பு உடைப்பைப் பிறப்பிக்கும்.

இம்முறையைப் புகழும்போதே அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர் பெயர்கள் மட்டுமே குடத்தில் இடப்பட்டன. ஏரியில் இறங்கி மண் சுமந்தோர் பெயர் ஓலையில் ஏறவில்லை. பிற்காலத்தில் ஆங்கிலேய அரசும் இவ்வழியிலேயே சென்றது. 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளத்தால் ஏரிக்கரைக்கு ஆபத்து நேர்கையில் ஊர் உழைப்பாளிகளைக் கட்டாயமாக அழைக்க அதிகாரிகளுக்கு இடமளித்தது; வழக்கமாய் இருந்துவந்த குடிமராமத்தையும் சட்டத்தால் வற்புறுத்தியது. கரையைக் காக்கும் கடமை ஒருவருக்கும், அதுபற்றிப் பேசும் உரிமை வேறொருவருக்கும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

காற்றுக்குப் பெயரிட்ட மக்கள்

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழர், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றனர். வடக்கிலிருந்து வருவதை வாடை, கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கோடை, தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் எனத் திசைக்கொரு பெயரால் வழங்கினர். கடலோர மக்கள் கச்சான், சோழகம் போன்ற பெயர்களையும் காத்து வந்துள்ளனர். கட்டுமரத்தை நம்பி வாழ்ந்தோர்க்குக் காற்று மாறுவதை அறிவது உயிர் காக்கும் கல்வியாயிற்று.

உழவர் பஞ்சாங்கத்தை நாடினர். இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை, மலைக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை எனப் பஞ்சாங்கம் பங்கிட்டுக் காட்டும். மார்கழியில் கர்ப்போட்ட நாட்களின் மேகத்தைக் கண்டு அடுத்த ஆண்டின் மழையைக் கணிக்கும் வழக்கமும் உண்டு. இவை ஓராண்டு முழுமைக்கும் பொதுப்படச் சொல்வன. இன்றிரவு கரை தாங்குமா என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை. அதற்கு நூற்றுக்கணக்கான கல் தொலைவிலுள்ள கடலின் நிலையை இப்போதே அறியும் வழி வேண்டும்.

அக்கடலில் நிகழ்வது யாது? அக்டோபர் பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று விலகி, காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. வடக்கே நிலம் குளிர்ந்தாலும், தெற்கு வங்கக்கடலின் மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அவ்வெப்பத்தையும் ஈரத்தையும் உண்டு தாழ்வழுத்தங்கள் தோன்றி மேற்கு நோக்கி நகர்கின்றன. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது தாழ்வு மண்டலம். 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். 89ஐ எட்டினால் கடும்புயல். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் அது 60 விழுக்காட்டை நெருங்கும். அம்மழையில் பெரும்பங்கு இத்தாழ்வழுத்தங்களின் கொடை. நாம் அஞ்சும் புயலும் வேண்டும் மழையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கொடிமரத்திலிருந்து தந்திக் கம்பிக்கு

சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பற்படையை, அடுத்த மாதமே வீசிய புயல் சிதறடித்தது. இத்தகைய பட்டறிவால், அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கி, கப்பல்கள் விலகிச் செல்ல வேண்டும் எனக் குறிப்புக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. குறிப்பிட்ட ஒரு புயலை முன்னறிந்து விடுத்த எச்சரிக்கை அன்று அது. பருவம் முழுவதையுமே ஆபத்தாகக் கருதிய முன்காப்பு.

1792இல் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. கருவிகளைத் தாங்கிய அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தூண் இன்றும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1796 முதல் ஜான் கோல்டிங்காம் அங்கே வானிலைக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதி வந்தார். பின்னாளில் அங்கு முதல் உதவியாளராக விளங்கிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கக் கணக்கு கண்ணால் கண்ட வானத்தோடு பொருந்த வேண்டும் என வலியுறுத்தினார். கேட்டதை நம்புவதினின்று அளந்து எழுதுவதற்கு நம் நாடு மாறிய காலம் அது.

புயலின் இயல்பை அறிவதிலும் அளவையே துணைநின்றது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்து ஒப்பிட்டு, புயல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று என விளக்கினார். 1848இல் அவர் வெளியிட்ட நூலில்தான் 'சைக்ளோன்' என்னும் சொல் பிறந்தது. ஆனால் புயல் கடந்த பின்னர் எழுதும் வரலாறு எவரையும் காக்காது. புயலை முந்திச் செல்லும் செய்தி வேண்டும். அதைத் தந்தி தந்தது.

1864 அக்டோபரில் கல்கத்தாவையும், நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய இரு புயல்கள் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. அதன் விளைவாக 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்போர்டு அதன் தலைவரானார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பிற துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை முறை பரவியது. சென்னைக்கும் பாடம் வேண்டியிருந்தது. கட்டி முடியும் நிலையிலிருந்த அதன் துறைமுகத் தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. முன்னறிவிப்பு கப்பலுக்காகவும் வணிகத்துக்காகவும் பிறந்தது. அதன் முதல் கேட்போர் மாலுமிகள், உழவர் அல்லர்.

கூண்டு பேசும் மொழி

பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவர். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளைத் தொங்கவிடுவர். இதையே நாம் புயற்கூண்டு என்கிறோம். பெரிய துறைமுகங்களுக்குப் பதினொரு குறிகள் உண்டு. முதலாவது, தொலைக் கடலில் தாழ்வு மண்டலம் தோன்றியதைக் கூறும். இரண்டாவது, அது புயலானதைக் கூறும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை நேரக்கூடும் என எச்சரிப்பன. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை புயலின் ஆபத்தையும், எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை கடும்புயலின் பேராபத்தையும் உணர்த்தும்.

ஒரே ஆபத்துக்கு மும்மூன்று எண்கள் எதற்கு என ஐயம் எழலாம். புயலின் பாதைக்குத் துறைமுகம் இடப்புறம் இருக்கிறதா, வலப்புறம் இருக்கிறதா, பாதையிலேயே இருக்கிறதா என்பதை அவை பிரித்துக் கூறுகின்றன. நம் கோளப்பகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்புறம், அதாவது வடபுறம், காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசி அலையையும் நீரையும் நிலத்தின்மேல் தள்ளும். இடப்புறமோ நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். புதுச்சேரி அருகே கரையேறும் புயலுக்கு நம் பகுதி வலப்புறம் அமைவதால்தான் கடலின் ஈரக்காற்று நமக்கு வந்து சேர்கிறது.

பதினொன்றாம் குறி தனித்தன்மை உடையது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. எனினும் ஆபத்து உண்டென இங்குள்ள அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். சிறு துறைமுகங்களுக்கு மூன்று, நான்கு, ஏழு, பத்து, பதினொன்று என ஐந்தே குறிகள். அங்கும் பதினொன்றாவது கைவிடப்படவில்லை. செய்தி வராமற் போகும் வேளையும் உண்டு, அப்போது அங்கிருப்பவர் தம் கண்ணையும் அறிவையும் நம்பிச் செயற்பட வேண்டும் என்பதை முறையின் ஓர் உறுப்பாகவே அமைத்தவர்களின் முன்னறிவு போற்றத்தக்கது.

கூண்டு எட்டாத இடங்கள்

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டியைக் கடல் கொண்டது. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தமான் கடலில் தோன்றி, பல நாள் நகர்ந்து, இலங்கையைக் கடந்து வந்த புயல் அது. புயல் இருப்பது அறியப்பட்டிருந்தும், அவ்வறிவு கடைசி ஊருக்குக் காலத்தே சென்று பயன்படவில்லை. 1966 நவம்பர்ப் புயலில் மாரி ஹோரா, ப்ராகிரஸ், ஸ்டமாட்டிஸ் ஆகிய கப்பல்கள் சென்னைக் கரையில் ஒதுங்கியதைக் கண்டோர் இன்றும் அதைப் பற்றிப் பேசுவர்.

அதன்பின் கருவிகள் பெருகின. 1970களில் கிழக்குக் கரையில் புயலறி ராடார்கள் நிறுவப்பட்டன; 1983இல் இன்சாட்-1பி விண்ணில் ஏறியது; 2002இல் சென்னையில் டாப்ளர் ராடார் இயங்கத் தொடங்கிற்று. கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவைகளைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இட்டது. 1999 ஒடிசாப் பெரும்புயலின் பின் எச்சரிக்கை நான்கு நிலைகளாக்கப்பட்டு, 72 மணி நேரத்துக்கு முன்பே முதல் அறிவிப்பு வரலாயிற்று. கரையோரக் கப்பல்களுக்கு, கரையிலிருந்து 75 கிலோமீட்டர் வரையிலான கடலுக்கென ஓர் அறிக்கையும், அப்பால் ஆழ்கடலுக்கென வேறோர் அறிக்கையும், மீனவர்க்கெனத் தனி எச்சரிக்கையும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாகக் கன்னியாகுமரிக் கடலில் மாறியது. எச்சரிக்கை பிறக்குமுன்பே நெடுந்தொலைவு சென்றுவிட்ட ஆழ்கடல் மீனவர்க்கு அதைச் சொல்ல வழியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் திரும்பி வராதோரை எண்ணிக் கரையில் நின்றன. செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் ஜெமினி என்னும் கருவி 2019இல்தான் வந்தது.

இனி நிலத்தைப் பார்ப்போம். 2015 டிசம்பர் முதல் நாள், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் உடைந்தன, அடையாறு ஊர்களை மூழ்கடித்தது. அந்நாளில் கடலில் புயல் ஏதும் இல்லை. இருந்தது ஒரு தாழ்வழுத்தப் பகுதியே. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் கொணர்ந்ததும் புயலன்று, தாழ்வு மண்டலமே. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல், மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. பின்பு வலுவிழந்த நிலையில் உள்நாடு புகுந்து, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பொழிந்தது.

கூண்டின் எண் காற்றின் வலிமையைச் சொல்வது. மழையின் அளவை அன்று. கப்பலைக் கவிழ்ப்பது காற்று. ஏரியை உடைப்பது நீர். காற்று தணிந்ததும் துறைமுகத்தில் கூண்டை இறக்கிவிடுவர். ஏரிக்கரைக்கோ அப்போதுதான் ஆபத்து தொடங்கும். மேலேரிகளின் நீர் வந்து சேர ஒருநாளோ இருநாளோ ஆகும். இன்று மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மழைக்கே உரிய எச்சரிக்கைகள் வருகின்றன. என் தந்தையாரின் கேள்விக்கு வானிலைத் துறை பாதி விடை தந்துவிட்டது எனலாம்.

மீதிப் பாதி

மறுபாதி நம்மிடம் உள்ளது. மாவட்டத்துக்கு இருபது சென்டிமீட்டர் மழை என்ற செய்தி கைபேசியில் வரலாம். நம் ஏரியில் இன்னும் எத்தனை அடி கொள்ளும், எந்த மதகின் பலகை உளுத்திருக்கிறது, எந்த இடத்தில் சென்ற ஆண்டு கரை கசிந்தது, எந்த வரத்துக்கால் தூர்ந்திருக்கிறது என்பவற்றைச் செயற்கைக்கோள் சொல்லாது. இவற்றை அறிந்தவர் ஊரில் இருந்தால்தான் அச்செய்திக்குப் பொருள் உண்டு. இல்லையேல் அது அச்சத்தை மட்டுமே தரும்.

இவ்விடத்தில்தான் பதினொன்றாம் கூண்டும் ஏரி வாரியமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. முன்னது, செய்தி அறுந்தாலும் அங்கிருப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. பின்னது, அப்பொறுப்பைப் பெயர் சொல்லி ஆறு பேரிடம் ஒப்படைத்து, 360 நாளும் சுமக்கச் செய்து, முடிவில் கணக்கும் கேட்கிறது. பழைய வாரியம் ஒதுக்கிவைத்தோரையும் சேர்த்துக்கொண்டு, கரையில் மண் சுமப்பவர்க்கே முதலிடம் தந்து, அப்பொறுப்பை மீட்டெடுப்பது நம் காலத்தின் கடன். குடிமராமத்து என்ற பெயரை மட்டும் மீட்டால் போதாது.

இலக்கிய வட்டம் இதில் என்ன செய்ய இயலும்? எழுத இயலும். கோல்டிங்காம் செய்ததும், கப்பல் மாலுமிகள் செய்ததும், நம் சபையார் கல்லில் செய்ததும் அதுவே. மழை பெய்த நாள், அதன் அளவு, ஏரியின் நீர்மட்டம், கலங்கல் ஓடிய நாள், கரை கசிந்த இடம் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் ஐப்பசி முதல் நாளிலிருந்து எழுதி வருவோம். பள்ளி மாணவர் இதற்குத் துணை நிற்பர். பத்தாண்டு எழுதினால், இருபதாம் ஆண்டு மலரில், இன்ன அளவு மழை பெய்தால் இத்தனை மணி நேரத்தில் நம் கலங்கல் ஓடும் என்று ஊராருக்குச் சொல்ல முடியும். "நம்ம ஏரிக்கு என்ன சேதி?" என்று எவரேனும் கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.